தானாச் செஞ்ச தப்பு

டென்னிசு கதைன்னு சொன்ன ஒடனே ஒங்க மொகத்துல ஒரு வெளிச்சம் வருது பாத்தியளா, அத மொதல்ல அணைச்சுப் போடுங்க. வெள்ள டவுசரு, பச்சப் புல்லு, கடைசிப் பந்துல கப்பு, எல்லாரும் எந்திரிச்சு நின்னு கைதட்டு. அதெல்லாம் வேற கடையில கெடைக்கும். பின்னால உக்காந்துருக்க அண்ணாச்சி "இதுல பொம்பள உண்டா?"ன்னு கேக்க வாயத் தொறக்காரு, எனக்குத் தெரியும். உண்டு. ஆனா அந்தம்மா உள்ளி, அதான் சின்ன வெங்காயம், உரிச்சுக்கிட்டு இருக்கு. பொறாமைக் கதன்னா யாராவது யாரையாவது கூட்டிட்டு ஓடணுமேன்னு கேப்பிய. ஓடுவாங்க. நாலு பேரு ஓடுவாங்க. வலைக்கு இந்தப் பக்கம் ரெண்டு பேரு, அந்தப் பக்கம் ரெண்டு பேரு. நம்ம ஆளு மட்டும் ஓடமாட்டாரு. சிமெண்டு பெஞ்சுல உக்காந்தவரு உக்காந்தவருதான். ஒரு செட்டு முடியுற வரைக்கும் அவரு வயிறு எரிஞ்சதுதான் கத. பத்தலையா? கொஞ்சம் கணக்கும் இருக்கு. ஏய், எந்திரிக்காதீரும், உக்காரும். சின்னக் கணக்குதான்.

பேரு ஜெபசிங். தூத்துக்குடி. துறைமுகத்துல சேதம் மதிக்கிற சர்வேயரு. கப்பல்ல வந்த மூட்ட நனைஞ்சிருந்தா, மிசினு நசுங்கிக் கெடந்தா, இன்சூரன்சுகாரன் இவரத்தான் கூப்புடுவான். போவாரு, குனிவாரு, மோந்து பாப்பாரு, ஈரத்த வெரலால தொட்டு நாக்குல வச்சி கடத்தண்ணியா மழத்தண்ணியான்னு பாப்பாரு. பெறவு நிமிந்து ரெண்டே ரெண்டு விசயம் சொல்லுவாரு. சேதம் இவ்வளவு. இது இன்னார் தலையில. அவ்வளவுதான், அடுத்த மூட்ட. இந்த மனுசன் ஞாயித்துக்கெழம காலையில டென்னிசு ஆடப் போனா அந்தப் புத்திய வீட்டுல கழட்டி வச்சிட்டா போவாரு? அங்கயும் சேதம்தான், அங்கயும் தலதான். கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி பழைய கிளப்பு, செம்மண் கோர்ட்டு, சுண்ணாம்புக் கோடு, ஆடி மாசக் கச்சான் காத்து புழுதிய வாரி மூஞ்சியில அடிக்கி. கோர்ட்டுக்குள்ள அவரோட பல வருசக் கூட்டாளி கிளெமெண்ட் மச்சாது. கிளெமெண்ட்டு பக்கத்துல இவரு நிக்கவேண்டிய எடத்துல தண்டபாணி நிக்காரு. கோயமுத்தூர்க்காரரு, நூல் ஏத்துமதி கம்பெனிக்கு மேனேஜரா வந்தவரு. ஜெபசிங்குக்குத் தோள்பட்டையில சத பெரண்டு டாக்டரு மட்டையத் தொடாதீரும்னுட்டாரு. சரி, சும்மா கெடக்குற எடத்துல ஒருத்தன் நின்னுட்டுப் போறான்னு இவருதான் தண்டபாணியக் கையப் புடிச்சுக் கூட்டியாந்து நிறுத்துனது. இப்ப தோளு சரியாயிட்டு. டாக்டரு ஆடலாம்னுட்டாரு. ஆனா எடம் காலியா இல்ல.

போன வாரம் கிளெமெண்ட் கிட்டப் போயி இவரு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு, "என்ன வே, பாளையங்கோட்டையில நடக்க வெட்டரன்ஸ் டபுள்ஸுக்கு நம்ம பேரக் குடுத்துருவமா?" கிளெமெண்ட் செருப்பால மண்ணுல ஒரு கோடு போட்டான், அத அழிச்சான், பெறவு சொன்னான், "நீரே கணக்குப் பாத்துச் சொல்லும் வே. நீருதான் கணக்குல புலி. அந்தாளு கூட நான் ஆடுறதப் பாரும். ரெண்டுல எது நல்லாருக்கோ அந்தப் பேரக் குடுத்துருவோம்." இன்னைக்கு மத்தியானம் செக்கரெட்டரிகிட்டப் பேரு குடுக்கணும். அதான் ஆபீஸ்ல குடுத்த டேப்லெட்டு, அந்த டேப்ப மடியில வச்சிக்கிட்டு பெஞ்சுல உக்காந்துருக்காரு மனுசன். நீரே சொல்லும்னா என்ன அர்த்தம்? நம்பிக்கன்னு அர்த்தம். வேற என்ன. நம்பிக்கதான். அப்ப ஏன் மண்ணுல கோடு போட்டான். சவம், கோடு போட்டா போடட்டும், மனுசன் நின்னா கால் சும்மாவா இருக்கும். ஆனா அழிச்சானே. போட்டத ஏன் அழிச்சான்?

மொத கேம் போயிட்டு. எதுர்ல ரெண்டு பேங்க் ஆபீசருங்க, ஒருத்தருக்குத் தொப்ப, ஒருத்தருக்குக் கண்ணாடி, ரெண்டும் லேசுப்பட்ட ஆளுக கெடையாது. தண்டபாணி ஒரு பந்த வலையில அடிச்சாரு, டேப்புல ஒரு தட்டு. கணக்கு ரொம்பச் சுளுவு, ஜெபசிங்கக் கேட்டா தூக்கத்துலயும் சொல்லுவாரு. தப்ப எண்ணக்கூடாது, தப்ப எடை போடணும். நாப்பது-சைபர்ல நீ ஒரு பந்த வெளிய அடிச்சா என்ன கெட்டுப்போச்சு, அந்த கேமு எப்படியும் ஒன் பைக்குள்ள கெடக்கு, நூத்துல ஒரு ஆறு பங்கு போகும், போகட்டும். அதே பந்த ட்யூஸ்ல, ரெண்டு பக்கமும் நாப்பதுல நிக்கும்போது, வெளிய அடி. நூத்துக்கு இருபத்தஞ்சு. கேமுல கால்வாசி அப்படியே உருவிட்டுப் போயிரும். ஒரே கை, ஒரே பந்து, ஒரே தப்பு, ஆனா வெல வேற. ஊருல எவனுக்கும் இது புரியல. அன்னைக்கு அம்புட்டுத் தப்பு, இன்னைக்கு இம்புட்டுத் தப்புன்னு தக்காளி எண்ணுற மாதிரி எண்ணுதானுவ. பெறவு இன்னொன்னு இருக்கு, அதுதான் சர்வேயருக்கான எடம். தானாச் செஞ்ச தப்பா, செய்யவச்ச தப்பா? எதிராளி மூலைக்கு அடிச்சு, நீ விழுந்து பெரண்டு எடுத்து, அது வெளிய போனா அது ஒன் தப்பு இல்ல, அவன் செய்யவச்சது. நின்ன எடத்துல லட்டு மாதிரி வந்த பந்த நீயா கொண்டுபோயி வலையில சொருகுனா அது தானாச் செஞ்சது. அது ஒன் தலையில. கடத்தண்ணி, மழத்தண்ணி. நாக்குல வச்சா தெரிஞ்சிரும். இந்தா, தண்டபாணி அடிச்சது தானாச் செஞ்சது. நல்லாத் தெரியுது. தொப்பி வேற மாட்டிருக்காரு. அது என்ன தொப்பி? வெள்ளத் தொப்பி, நீலக் கர. அடப்பாவின்னுது ஜெபசிங் மனசு. அது நான் கொழும்புல வாங்கிக் கிளெமெண்ட்டுக்குக் குடுத்த தொப்பில்லா.

தொப்பி என்ன தொப்பி, வெயிலுக்குக் குடுத்துருப்பான், ஆளுக்கு வழுக்க வேற. தொப்பி போயித் தொலையட்டும். ஆனா எத்தன கட ஏறி எறங்கி வாங்குனது, இவனுக்குத் தல கொஞ்சம் பெருசு, எல்லாம் நெத்தியில நிக்கும், கடசியில வெள்ளவத்தையில ஒரு கடையில, நான் என் தலையில ரெண்டு கர்ச்சீப்பக் கட்டி அளவு பாத்து வாங்குனேன், கடக்காரன் சிரிச்சான். "யாருக்கு?"ன்னான். "ஃப்ரெண்டுக்கு"ன்னேன். அந்தத் தொப்பி தண்டபாணி தலையில எப்படி இப்படி அளவா உக்காருது? அவருக்கும் பெரிய தலையா. இல்ல பின்னால பட்டிய இறுக்கிருக்கு. கிளெமெண்ட் இறுக்கிக் குடுத்துருப்பானோ. ஜெபசிங்குக்குக் கண்ணு கரிச்சுது. "உள்ளி காத்துல வருதோ அண்ணாச்சி? நான் வேணா அந்தப் பக்கம் போயிருதேன்" பக்கத்துல இருந்த பொம்பள கேட்டுது. ஜெயகொடி. அடுத்த கோர்ட்டுல அவ மக கோச்சிங்குக்கு வருது. முடியுற வரைக்கும் இந்த பெஞ்சுல உக்காந்து ஒரு பை சின்ன உள்ளி உரிச்சு வீட்டுக்குக் கொண்டுபோகும். வருசக்கணக்கா அப்படித்தான். இந்தக் கோர்ட்டுல நடக்க எல்லா ஆட்டத்தையும் பாத்திருக்கு, யாரு செயிச்சான்னு ஒரு நாளும் கேட்டதில்ல. "இல்ல இல்ல, புழுதி"ன்னாரு ஜெபசிங். உள்ளின்னே சொல்லியிருக்கலாம். உள்ளியோட போயிருக்கும்.

"பரவால்லீங்ணா!" அன்னா, கேட்டுதா? கிளெமெண்ட் ஒரு பந்த வெளிய அடிச்சதுக்குத் தண்டபாணி சொல்லுதாரு. பரவால்லீங்ணா. அந்த 'ங்'க மூக்குக்குள்ள கொண்டுபோயி, அங்க ஒரு சுத்துச் சுத்தி, வெல்லத்துல முக்கி வெளிய விடுதாரு. ஜெபசிங் மனசுக்குள்ள அதச் சொல்லிப் பாத்தாரு. பரவால்லீங்ணா. விடுங்ணா. அடுத்தது பாத்துக்கலாமுங். எப்படி பரவால்ல? முப்பது-முப்பதுல அடிச்ச தப்பு, கால் கேமு போயிருக்கு, எந்த ஊர்ல வே அது பரவால்ல? நூல் கம்பெனியில கண்டெய்னர் கவுந்தாலும் பரவால்லீங்கும் போல இந்த ஆளு. நானா இருந்தா என்ன சொல்லியிருப்பேன்? ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டேன். ஒரு வார்த்த வையமாட்டேன். அது எனக்கே பெரும. இத்தன வருசத்துல கிளெமெண்ட்ட ஒரு சொல்லு வஞ்சதில்ல. என்ன தப்பு, என்ன வெலன்னு மட்டும் எடுத்துச் சொல்லுவேன். அது வேற. டாக்டரு ரத்தத்துல சீனி இவ்வளவுன்னா அது வசவா? ஞாயித்துக்கெழம ஆட்டம் முடிஞ்சு வீட்டுக்குப் போயிக் குளிச்சிட்டு மொத வேல, டேப்புல இருந்து படத்த எடுத்து வாட்ஸப்புல அனுப்பிருவேன். "இன்னைக்கு நீரு தப்பு பண்ணித் தின்னது ரெண்டே முக்கா கேம். அதுல ட்யூஸ்ல மட்டும் ஒண்ணர." சிவப்புல அவன், பச்சையில நானு. எவன் வே இந்தக் காலத்துல ஃப்ரெண்டுக்காக இவ்வளவு மெனக்கெடுதான்? அவனும் ஒரு பெருவெரல அனுப்பிருவான். ஒடனே அனுப்பிருவான். பாத்த ஒடனே. படத்தப் பெருசாக்கிப் பாத்திருப்பானா? பாக்காமலா வெரலு வரும்.

மூணாவது கேமுல கண்ணாடிக்காரரு ஒரு அடி அடிச்சாரு, கச்சான் அதத் தூக்கி தண்டபாணி காலடியில சரியா போட்டுது, தண்டபாணி பின்னால சாஞ்சு, மட்டைய எப்படியோ வளைச்சு எடுத்தாரு, பந்து வலையில தட்டி இந்தப் பக்கமே விழுந்துட்டு. எவனாலயும் எடுத்திருக்க முடியாது. செய்யவச்ச தப்பு, பச்சப்புள்ள சொல்லிரும். ஜெபசிங் வெரலு டேப்பு மேல நிக்கி. ரெண்டு கட்டம் இருக்கு. வெரலு தானாச் செஞ்சதுல போய் உக்காந்துட்டு. உக்காந்தத அவரே பாத்தாரு. எடுக்கல. இத்தன வருச சர்வீஸ்ல ஒரு மூட்டைக்கு மாத்தி எழுதுனதில்ல. ஒரு தடவ சீனிக் கப்பல்ல அந்த கேப்டன், கிரீஸ்காரன், ஆளு மல மாதிரி, கடத்தண்ணின்னா கப்பல் தலையில விழும்லா, மழத்தண்ணிதான்னு எழுதும்னு தோள்ல கையப் போட்டான், காப்பி குடுத்தான், கெஞ்சுனான், கடசியில கத்துனான். நாக்குல உப்பு இருக்கு வே, நான் எப்படி எழுத? எழுதல. இப்ப என்ன, ஒரு பந்து. கச்சான் காத்து யாருக்கும் பொதுதான, காத்துக்குத் தக்கன நிக்க வேண்டாமா, நான் நின்னிருப்பேன், ஒரு அடி முன்னால நின்னிருப்பேன். அப்ப அது அவர் தப்புதான. தானாச் செஞ்சதுதான. நாக்கு வறண்டு கெடந்துது. தண்ணி பாட்டில எடுத்தாரு, புழுதி ருசிதான் வந்துது.

அடுத்த கேமுக்குத் தண்டபாணி பந்து போடுதாரு, கிளெமெண்ட் வலைக்கிட்ட குனிஞ்சு நிக்கான், எடக்கைய முதுகுக்குப் பின்னால கொண்டுபோனான். ஜெபசிங் டேப்ப விட்டுட்டு அந்தக் கையப் பாத்தாரு. ரெண்டு வெரலு. கட்டவெரலு மடக்கி, நடுவெரலும் மோதரவெரலும் நீட்டி, லேசா ஒரு ஆட்டு. அது எங்க வெரலு. வலைக்கிட்ட நிக்கவன் பின்னால பந்து போடுறவனுக்குக் காட்டுற சாடை எல்லா ஊர்லயும் உண்டு. ஒரு வெரல்னா நிப்பேன், ரெண்டுன்னா குறுக்க பாய்வேன்னு சந்தியில போறவனுக்கும் தெரியும். அதுக்காகத்தான் நாங்க ரெண்டு பேரும் எங்களுக்குன்னு ஒண்ணு கண்டுபுடிச்சோம், ஒரு மழ நாளு, கோர்ட்டு நனைஞ்சு கெடந்துது, கிளப்பு வராந்தாவுல உக்காந்து வட தின்னுக்கிட்டே, எண்ணக் கையோட வெரல மடக்கி நீட்டி மடக்கி நீட்டி, சிரிச்சு சிரிச்சு. நடுவெரலும் மோதரவெரலும்னா 'நான் பாஞ்சிருவேன், என் எடத்த நீ பாத்துக்கோ.' என் எடத்த நீ பாத்துக்கோ! அத அவருக்குக் காட்டுதான். எவ்வளவு சாதாரணமாக் காட்டுதான், தெருவுல போற பஸ்ஸுக்குக் கையக் காட்டுற மாதிரி. எப்பச் சொல்லிக் குடுத்தான்? எங்க வச்சு? அதே வராந்தாவுலயா? வடையா? வீட்டம்மா ஒரு தடவ கேட்டா, "ஒங்களுக்குத் தாலி கட்டுனது என்னையா, அந்த மச்சாதுவையா?"ன்னு. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. இப்ப எனக்கும் சிரிப்பு வரல. கிளெமெண்ட் பாஞ்சான், பந்து அந்தப் பக்கம் செத்து விழுந்துது, ரெண்டு பேரும் மட்டைய மட்டையோட ஒரு தட்டு. டக். அந்தச் சத்தம். பெறவு அடுத்த பந்துக்கு கிளெமெண்ட் வேற ஒண்ணு காட்டுனான். அஞ்சு வெரலையும் விரிச்சு, உள்ளங்கையக் கிறுகிறுன்னு ஆட்டுனான். தண்டபாணி பந்து போடாம நின்னு சிரிச்சாரு. அது என்ன? அது எங்க பாடத்துல இல்ல. அஞ்சு வெரலு. அது எனக்குத் தெரியாது.

கேமு கேமா சேதம் ஏறுது. பக்கம் மாறும்போது கிளெமெண்ட் பெஞ்சுக்கு வந்து தண்ணி குடிச்சான். சட்ட முதுகுல ஒட்டிக் கெடக்கு, மூச்சு வாங்குது, ஆனா மொகம் ஒரு மாதிரி லேசா இருக்கு. சோறு சாப்டுட்டு வந்த மொகம் மாதிரி. ஜெபசிங் டேப்பப் பாத்துக்கிட்டே, காத்த விசாரிக்க மாதிரி கேட்டாரு.

"அது என்ன வே, அஞ்சு வெரலு?"

"எது?"

"முதுகுக்குப் பின்னால."

"ஓ, அதுவா. ஒண்ணுமில்ல வே. சும்மா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். அந்தாளு பின்னால நின்னு குழம்பட்டுமேன்னு."

"ஆட்டத்து நடுவுலயா?"

"பின்ன ஆட்டம் முடிஞ்சு போய் வீட்டுலயா காட்ட?" கிளெமெண்ட் சிரிக்க ஆரம்பிச்சான், பாதியில நிறுத்திக்கிட்டான். "இல்ல வே, சும்மா ஒரு இதுக்கு. இனும காட்டல."

"காட்டும் வே, காட்டும். எனக்கென்ன. நான் கேட்டேன், அவ்வளவுதான்."

தண்டபாணி துண்டால மொகத்தத் தொடச்சுக்கிட்டே, "சார் கணக்குல நம்ம பேரு கிழிஞ்சு தொங்குமுங்களே"ன்னாரு. "பின்னால கோடு இருக்கறது தெரியாம வெளிய வெளிய அடிச்சுட்டு இருக்கறனுங். தோளு எப்புடிங் சார் இருக்குது? நல்லெண்ணெ சூடு பண்ணி ஊத்துனீங்களா?" தோளப் பத்தி நெசமாவே கேக்காரு. அதுதான் தாங்கல. ஆளு கொஞ்சம் கெட்டவனா இருந்திருக்கப்படாதா. ஒரு சின்னக் களவாணித்தனம், கோட்டுல விழுந்த பந்த வெளியங்கிறது, ஒண்ணும் கெடையாது. ஜெபசிங் தோளத் தொட்டுக்கிட்டு, "நல்லாருக்கு, நல்லாருக்கு"ன்னாரு. இனும காட்டலன்னு ஏன் சொன்னான் கிளெமெண்ட்? நான் என்ன அப்படியா கேட்டேன்? நான் கேட்டது சாதாரணமா. என்னைக்குமே சாதாரணமாத்தான் கேப்பேன். சிரிச்சுக்கிட்டு இருந்தவன் ஏன் நிறுத்துனான், அதுல என்ன தப்பு. அவனுக்குச் சிரிப்பு வந்தா நானும் சிரிப்பேனே. எப்ப சிரிச்சோம் கடசியா? வட தின்னப்ப. அது எந்த வருசம்.

பெறவு கணக்குல ஒரு கோளாறு தெரிஞ்சுது. மொதல்ல கண்ணு தப்புன்னு நெனச்சாரு. டேப்பச் சட்டையில தொடச்சுட்டுப் பாத்தாரு. தண்டபாணிக்கு நேரா சிவப்பு ஏறிக்கிட்டே போகுது, அது நல்லதுதான், வயித்துல பால் வாத்த மாதிரி இருக்கு, மனுசன் இப்பவே ரெண்டு கேமுக்கு மேல தின்னுட்டாரு, நான் முழு செட்டு ஆடுனாலும் ஒண்ணத் தாண்டமாட்டேன். ஆனா கிளெமெண்ட்டுக்கு நேரா ஒண்ணுமே இல்ல. அந்த முப்பது-முப்பதுல ஒண்ணு, நாப்பது-சைபர்ல ஒரு தூசி. அவ்வளவுதான். கிளெமெண்ட்டு கட்டம் பெருக்கி வுட்ட வீட்டு முத்தம் மாதிரி கெடக்கு. இது எப்படி? என் கூட ஆடும்போது ஒரு செட்டுக்கு மூணு கேமு திம்பானே. ட்யூஸ்னா போதும், கையி கல்லாயிரும், சர்வீசுல மொதப் பந்து தப்புனா பாக்கியிருக்க ரெண்டாவது பந்தயும் வலையில கொண்டுபோயி வச்சிருவான். நான் அதச் சொமந்து சொமந்துல்லா செயிச்சுக் குடுத்தேன். அந்தத் தோளு என்ன சும்மாவா பெரண்டுச்சு? அதே ஆளு. அதே கை. காத்து காரணமா இருக்குமோ, காத்து அன்னைக்கும் அடிச்சுதே. பந்து புதுசோ? மட்டையில நரம்பு மாத்திருக்கானோ? மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சிட்டு, மனசு லேசாயிருக்கும், ஆனா கல்யாணம் முடிஞ்சும் என் கூட ரெண்டு மாசம் ஆடுனானே, அப்பமும் தின்னானே. மீனெண்ண மாத்திர திங்கான்னு சொன்னான். மீனெண்ணையா டபுள் ஃபால்ட்ட நிறுத்தும்? எதுர்ல ரெண்டு பேரும் இன்னைக்கு மட்டமா ஆடுதானுவளோ. இல்லையே, தண்டபாணியப் போட்டு உருட்டுதானுவளே. ஒரு மூட்ட மட்டும் நனையாம இருந்தா சர்வேயரு அதத்தான மொதல்ல பாக்கணும். சுத்தி எல்லாம் நனைஞ்சு கெடக்க, நடுவுல ஒண்ணு மட்டும் காஞ்சு கெடந்தா, மேல ஏதோ இருந்துருக்கு, இல்ல மேல இருந்தது இப்ப இல்ல. மேல என்ன இருந்துது? ஓட்ட எங்க இருக்கு?

பாளையங்கோட்டை. போன தடவ அர இறுதி. கடசிப் பந்து கிளெமெண்ட்டோட ரெண்டாவது சர்வீசு, வலையில போச்சு, முடிஞ்சுது. நான் ஒரு சொல்லு சொன்னனா? ஒரு சொல்லு? கைய நீட்டுனேன், எதிராளிக்குக் கை குடுத்தேன், கார எடுத்தேன். வழி நெடுக அவனத் தேத்திக்கிட்டே வந்தேன். "கவலப்படாதீரும் வே, கணக்குப்படி பாத்தா அந்தக் கடசிப் பந்து மட்டும் காரணமில்ல, அதுக்கு முன்னால ரெண்டாவது கேமுல நீரு வெளிய அடிச்சீரே, அதுக்கு வெல ஜாஸ்தி, பெறவு அஞ்சாவது கேமுல..." வாகைக்குளம் வர்ற வரைக்கும் ஒண்ணு விடாம எடுத்துச் சொன்னேன். அவன் கண்ணாடிய எறக்கி விட்டுட்டு வெளிய பாத்துக்கிட்டே வந்தான். கடசியில சொன்னான், "மழ வரும் போல." வானம் வெளுத்துக் கெடந்துது. ஒரு மேகம் கெடையாது. நான்கூட நெனச்சேன், பாவம், அசதியில பேசுதான்னு.

அஞ்சு-நாலு. கிளெமெண்ட் சர்வீசு. இத எடுத்தா செட்டு இவங்களுக்கு. ஜெயகொடி மக கோச்சிங்கு முடிச்சு வந்து, "ம்மா, போலாம்"ன்னுது. "இரு, இந்த ரெண்டு உள்ளிய உரிச்சுருதேன், போய் மூஞ்சியக் கழுவு"ன்னு அனுப்பிச்சுது அந்தம்மா. ஜெபசிங் காதுல அது ரேடியோ மாதிரி விழுந்துது. ட்யூஸ் வந்துட்டு. அதே எடம். கிளெமெண்ட்டோட கை கல்லாகுற எடம். தண்டபாணி கைக்கு வந்த பந்தக் கோயமுத்தூருக்கே அனுப்பிச்சாரு. கால் கேமு போச்சு. "அய்யய்யோ, மன்னிச்சுக்கங்ணா!" "விடும் வே"ன்னான் கிளெமெண்ட். விடும் வே! கிளெமெண்ட் சொல்லுதான்! இப்ப எதிராளிக்கு அட்வாண்டேஜ். இன்னும் ஒண்ணு போனா கேமு போச்சு. கிளெமெண்ட் மொத பந்தத் தூக்குனான், அடிச்சான், வலை. ரெண்டாவது பந்து பாக்கி. ஜெபசிங் டேப்ப இறுக்கிப் புடிச்சாரு. வலையில அடி. மனசுக்குள்ள தெளிவா ஒரு கொரலு சொல்லுச்சு. வலையில அடி வே. ஒரே ஒண்ணு. என் கூட அடிச்ச மாதிரி ஒண்ணே ஒண்ணு அடி. அடிச்சிட்டா எல்லாம் நேராயிரும், நீ அப்படித்தான், நீ எப்பவுமே அப்படித்தான், எவன் நின்னாலும் அப்படித்தான்னு ஆயிரும், கட்டம் நெறஞ்சிரும், மத்தியானம் நான் நம்ம பேர எழுதிக் குடுத்துருவேன். ஆண்டவரே, இது என் கொரலா? பத்தொம்பது வருசமா அவன் ஒவ்வொரு ரெண்டாவது பந்துக்கும் விழக்கூடாது விழக்கூடாதுன்னு பல்லக் கடிச்சவன்லா நான். பல்லக் கடிச்சுக்கிட்டு அவனையே பாத்துக்கிட்டு நிப்பனே. வலைக்கிட்ட தண்டபாணி நிக்காரு. திரும்பிகூடப் பாக்கல. மட்டக் காம்பால முதுகு சொறிஞ்சுக்கிட்டு நிக்காரு! கேமு போகுற நேரத்துல முதுகு சொறியுதாரு! பந்து மேல போச்சு. கச்சான் ஒரு நொடி நின்ன மாதிரி இருந்துது. எறங்குச்சு. கோட்டுக்குள்ள, மூலையில, தொப்பைக்காரரு மட்டைய நீட்டி எட்டாத எடத்துல.

பெறவு ரெண்டு பாயிண்டு. முடிஞ்சிட்டு. மட்டையோட மட்ட, டக். கை குடுத்தாங்க, சிரிச்சாங்க, பேங்க்காரங்க ரெண்டு பேரும் டீ குடிக்கப் போனாங்க. இவங்க ரெண்டு பேரும் பெஞ்சப் பாத்து வாராங்க, செம்மண்ணு ஒட்டுன காலோட, ஒருத்தரு தோள்ல ஒருத்தரு இடிச்சுக்கிட்டு. ஜெபசிங் டேப்பப் பாக்காரு. தண்டபாணி தின்னது மூணு கேமு. கிளெமெண்ட் தின்னது காலும் ஒரு தூசியும். ஆகக்கூடி மூணே கால். என் கூட ஆடும்போது நான் ஒண்ணு, அவன் மூணு. நாலு. இதச் சொல்ல வேண்டியதில்ல. ஒரு பக்கத்த மட்டும் சொன்னாப் போதும். தண்டபாணி மூணு, நான் ஒண்ணு. அதுவும் நெசம்தான, பொய்யா? டேப்புல இருக்கு. உப்பு இருக்குன்னு சொல்லணும், எவ்வளவுன்னு சொல்லணும், எல்லாத்தையும் சொல்லணும்னு சட்டமா? கிளெமெண்ட் வந்து எதுர்ல நின்னான். துண்டக் கழுத்துல போட்டான். ஷூவக் கழட்டிட்டுச் செருப்ப மாட்டுனான். ரெண்டு கண்ணும் டேப்பு மேல.

"என்ன வே, என்ன சொல்லுது கணக்கு?"

தண்டபாணி தொப்பியக் கழட்டிக்கிட்டு, "எம்பேர அடிச்சுருங்க சார், நானே கண்ணால பாத்தனுங்"ன்னு சிரிச்சாரு.

"கணக்குப்படி பாத்தா"ன்னு ஆரம்பிச்சாரு ஜெபசிங். செருமுனாரு. "கணக்குப்படி பாத்தா இவரு மூணு கேமு தின்னுருக்காரு. நான் ஒண்ணுக்கு மேல தின்னதில்ல. அத நீரே ஒத்துக்கிடுவீரு."

"ஒத்துக்கிடுதேன்"ன்னான் கிளெமெண்ட். மொகத்துல இருந்த லேசு எறங்கிட்டு. துண்டால ஒரு தடவ தொடச்சான், காஞ்ச எடத்தயே தொடச்சான். "அப்பம் சரி வே. நம்ம பேரயே குடுத்துருவோம்."

இங்கன நிறுத்தியிருக்கணும் மனுசன். நிறுத்தியிருந்தா மத்தியானம் பேரு போயிருக்கும், அவரு பாட்டுக்கு பாளையங்கோட்டைக்குக் கார எடுத்திருப்பாரு. ஆனா நாக்குல உப்பு நிக்கே. காஞ்ச மூட்டைய விட்டுட்டு வர கால் வரலையே.

"ஒண்ணுதான் இடிக்கி"ன்னாரு, யாருகிட்டயும் இல்லாம, டேப்பப் பாத்து. "உம்ம கணக்குதான் வே இடிக்கி. அதே ஆளு, அதே கை, அதே காத்து. என் கூட ஆடும்போது மூணு கேமு திங்குத ஆளு, இவரு கூட ஆடும்போது கால் கேமு. எல்லாம் தானாச் செஞ்ச தப்புதான், யாரும் செய்யவச்சதில்ல. இத்தனயும் இப்பம் எங்க போச்சு?"

தண்டபாணி தொப்பியத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. பக்கத்துல ஜெயகொடி கடசி உள்ளியப் பையில போட்டு, மடியில கெடந்த தோல உதறிக்கிட்டே, தலையக்கூடத் தூக்காம சொல்லுச்சு:

"இதுல என்ன அண்ணாச்சி இருக்கு கணக்குப் பாக்க? ஒங்க கூட ஆடும்போது அவிய பந்த அடிச்சிட்டு பந்து எங்க போகுதுன்னு பாக்கமாட்டாவ, திரும்பி ஒங்க மூஞ்சியத்தான் பாப்பாவ. நான் உள்ளி உரிச்சுக்கிட்டே நெனச்சுக்கிடுவேன், பாவம், இந்த மனுசனுக்கு மட்டும் எதுர்ல ரெண்டு பேரு, பக்கத்துல ஒரு ஆளு, ஆக மூணு பேர எதுத்துல்லா ஆட வேண்டியிருக்குன்னு."